லைஃப் சர்டிபிகேட்: விரல் வைப்பதற்கு முன்னும் பின்னும்

எனக்கு ஓசூர் கம்பெனி வேலையால், பிஎஃப் வழியாக வந்த இபிஎஸ் பென்ஷன். வீட்டுக்காரம்மா அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு விதப் பென்ஷன், இரண்டு விதத் தேதி. இரண்டையும் பழகியதால், காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் யாருக்கு லைஃப் சர்டிபிகேட் (உயிரோடு இருப்பதாக வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்று) எடுக்க வேண்டுமென்றாலும் என் போனைத் தேடி வருகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டே வருகிறார்கள். விரல் வைப்பது கடைசி வேலை, ஒரு நிமிட வேலை. தப்பெல்லாம் அதற்கு முன்னாலோ, அது முடிந்த பிறகோதான் நடக்கிறது. கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்தால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது.

1. உங்கள் பென்ஷனைக் கொடுப்பது யார்?

"எந்தப் பென்ஷன்ங்கய்யா?" என்று கேட்டால் பாதிப் பேர் வங்கிப் பெயரைச் சொல்கிறார்கள். வங்கிக்குப் பணம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அனுப்புகிறவர் வேறு. அனுப்புகிறவருக்குத்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் நான்கு வகை. ஓசூர் சிப்காட், தனியார் மில், கிரானைட் கம்பெனி போன்றவற்றில் பிஎஃப் பிடித்தவர்களுக்கு இபிஎஸ் 95. கொடுப்பது வருங்கால வைப்பு நிதி நிறுவனம், அதாவது இபிஎஃப்ஓ. மாநில அரசு ஊழியர், ஆசிரியர்களுக்குக் கருவூலம் அல்லது சார் கருவூலம். முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோருக்கு இப்போது ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் இணையவழிப் பென்ஷன் அமைப்பு. தபால், வருமான வரி போன்ற மத்திய அரசுத் துறைகளில் இருந்தவர்களில் பலருக்கு வங்கியே பட்டுவாடா செய்கிறது. வங்கிப் பெயரைச் சொல்வது இவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

வருவாய்த்துறை வழியாக வரும் முதியோர் உதவித்தொகை இந்தக் கணக்கில் சேராது. அதற்கு இந்த வழிமுறை வேண்டாம்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், படிவத்தில் ஒரே ஒரு இடத்தில் இதைத் தப்பாகத் தொட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சான்று வேறு எங்கோ போய் விழும். 7-ம் பகுதியில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

2. உங்கள் மாதம் எது?

எல்லாருக்கும் நவம்பர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் சரி. அவர்களில் 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கூட்டத்தில் நிற்க வேண்டாம் என்பதற்காக அந்தச் சலுகை.

இபிஎஸ் ஆட்களுக்கு மாதமே கிடையாது. என்றைக்குக் கொடுத்தீர்களோ அன்றிலிருந்து ஒரு வருடம். 2025 நவம்பர் 20-ல் கொடுத்திருந்தால் 2026 நவம்பர் 19 வரை ஓடும். நவம்பர் கூட்டத்தில் இடிபட விருப்பமில்லை என்றால் ஆகஸ்டிலேயே ஒருமுறை எடுத்துவிடுங்கள்; அதற்குப் பிறகு ஆகஸ்ட்தான் உங்கள் மாதம்.

மாநில அரசு ஓய்வூதியருக்கு முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல் நடந்தது. இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதம். பழைய நினைப்பில் ஏப்ரலுக்குக் காத்திருக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தங்கள் மாதம் எது என்று கருவூலத்தில் ஒருமுறை கேட்டு, பென்ஷன் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

வீட்டில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் இருக்குமே, அதில் கெடுவுக்கு 30 நாள் முன்னதான தாளில் ஒரு வட்டம் போடுங்கள். ராகுகாலம் பார்க்கும்போது கண்ணில் படும்.

3. ஒரு தாள் எழுதுங்கள்

இதைச் சோம்பல் படாமல் செய்யுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றில் கீழே உள்ளவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்:

- ஆதார் எண்
- ஆதாரில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர், ஓர் எழுத்து, ஓர் இடைவெளி மாறாமல்
- பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணை எண்)
- பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு எண்
- ஆதாரோடு இணைத்த மொபைல் எண்
- பென்ஷன் கொடுப்பவர் (முதல் பகுதியில் பார்த்தது)

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தலைவலி. பிபிஓவில் 'எம். கோவிந்தன்' என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயரையும் சேர்த்து 'கோவிந்தன் முனுசாமி' என்று இருக்கும். இன்னொரு அட்டையில் இனிஷியல் பின்னால் வந்து 'கோவிந்தன் எம்'. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். லைஃப் சர்டிபிகேட் படிவத்தில் ஆதாரில் உள்ள பெயரையே போடுங்கள்.

இபிஎஸ் ஆட்கள் பிபிஓ எண்ணைத் தொலைத்திருந்தால் பதற வேண்டாம். இபிஎஃப்ஓ இணையதளத்தில் ஓய்வூதியர் பக்கத்துக்குப் போய் வங்கிக் கணக்கு எண்ணையோ பழைய பிஎஃப் எண்ணையோ கொடுத்தால் பிபிஓ எண்ணைக் காட்டும். அது 12 இலக்கம். கம்பெனியில் வேலை செய்யும்போது இருந்த பிஎஃப் எண்ணும் யூஏஎன்னும் (பிஎஃப் உறுப்பினருக்குக் கொடுக்கும் பொது எண்) வேறு. யூஏஎன்னும் 12 இலக்கம் என்பதால் அதைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களின் பழைய காகிதங்களில் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து எழுதாதீர்கள். இன்றைக்கு உங்களுக்குப் பணம் அனுப்பும் கருவூலம் எதுவோ, அதன் பெயரைத் தாளில் எழுதுங்கள்.

4. ஆதாரும் மொபைல் எண்ணும்

ஓடிபி வராமல் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆதாரில் கொடுத்த எண் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சிம்மாக இருக்கும். அது ரீசார்ஜ் இல்லாமல் செத்து மூன்று வருடம் ஆகியிருக்கும்.

ஆதார் சேவை மையத்தில் மொபைல் எண்ணை மாற்ற 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். கைரேகை, முகத்தைப் புதிதாகப் பதிய 125 ரூபாய். வருடா வருடம் கைரேகை தோற்கிறது என்றால் அந்த 125 ரூபாயைச் செலவழித்துவிடுங்கள். நீங்கள் 50 வயதில் ஆதார் எடுத்திருப்பீர்கள். 65-ல் அந்த ரேகையும் இல்லை, அந்த முகமும் இல்லை. ஆனால் மாற்றிய கையோடு லைஃப் சர்டிபிகேட்டுக்கு ஓடாதீர்கள். புதுப்பித்தது பதிவேறிவிட்டது என்று தகவல் வந்த பிறகு போங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் யாராவது பாதுகாப்புக்காக ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருந்தால் எந்த இயந்திரத்திலும் விரல் ஏறாது. அன்றைக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள்.

5. எந்த வழியில் எடுப்பது?

தபால்காரரைத்தான் நான் முதலில் சொல்வேன். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டுக்கே கருவியோடு வந்து எடுத்துக்கொடுப்பார். அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டணம் 70 ரூபாய். இபிஎஸ் ஓய்வூதியருக்கு அந்தச் செலவை இபிஎஃப்ஓவே ஏற்றுக்கொள்ளும் என்று 2025 நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஆகவே இபிஎஸ் ஆட்கள் பணத்தை நீட்டுவதற்கு முன் அதைச் சொல்லிக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கும், பேருந்து குறைவான அஞ்செட்டி, பென்னாகரம் மலையோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஊர் தபால்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் போதும்.

இ-சேவை மையம், பொதுச் சேவை மையம் இரண்டாவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு ஒரு நாளைக்கு ஐம்பது விதமான வேலை. உங்கள் பென்ஷன் எந்த வகை என்று அவர் யோசிக்க மாட்டார். தாளை அவர் முன்னால் வையுங்கள்.

சொந்த போனில் முகம் காட்டி எடுப்பது மூன்றாவது. காசில்லை, அலைச்சல் இல்லை. வீட்டில் பொறுமையான ஒரு பிள்ளை வேண்டும். பேரன் பேத்தி என்றால் இன்னும் நல்லது. பிள்ளைகள் சீக்கிரம் எரிந்து விழுகிறார்கள்.

கருவூலத்துக்கு நேரில் போவதும் இருக்கிறது. கைரேகையும் முகமும் இரண்டும் தோற்றவர்களுக்கு அதுதான் வழி. பென்ஷன் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் அசலாக எடுத்துப் போங்கள்.

6. கைரேகையா, முகமா?

லேத்தில் முப்பது வருடம் நின்றவன் நான். என் வலது கட்டைவிரலில் ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கூழாங்கல் மாதிரி இருக்கும். முதல் வருடம் அதையே ஒன்பது முறை வைத்துப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, பத்து விரலில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று. எனக்கு இடது மோதிர விரல் முதல் தடவையிலேயே ஏறியது. அதிகம் உழைக்காத விரலில்தான் ரேகை மிச்சம் இருக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நவம்பர், டிசம்பர் காலைக் குளிரில் தோல் வறண்டு வெடித்திருக்கும். காலை எட்டு மணிக்கு வைத்தால் ஏறாத விரல் பதினொரு மணிக்கு ஏறும். வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மறுபடி துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் கண்ணாடி மங்கும். மருதாணி வைத்த விரலைத் தவிருங்கள். அழுத்தி நசுக்கவும் வேண்டாம். அழுத்தினால் ரேகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முகம் என்றால் ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' (லைஃப் சர்டிபிகேட் எடுக்கும் அரசுச் செயலி) என்ற இரண்டு செயலிகளும் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். முதலாவது தனியாகத் திறக்காது, உள்ளிருந்தே வேலை செய்யும். அதனால் "இது ஓடவில்லை" என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழித்தால் இரண்டாவதும் நின்றுவிடும்.

செயலியில் முதலில் 'ஆப்பரேட்டர்' யார் என்று கேட்கும். போனைப் பிடித்து உதவுகிறவர்தான் ஆப்பரேட்டர். அவருடைய ஆதார், அவருடைய ஓடிபி, அவருடைய முகம். அதற்குப் பிறகுதான் ஓய்வூதியரின் விவரம். இங்கே அப்பாவின் ஆதாரைப் போட்டுவிட்டு மகன் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தனியாகவே எடுக்கத் தெரிந்தவர் இரண்டு இடத்திலும் தன்னையே போட்டுக்கொள்ளலாம்.

முகம் காட்டும்போது ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் நல்லது. கண்ணாடி, மங்கி குல்லா, மஃப்ளர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். திரையில் வட்டம் வந்ததும் கண்ணை மெதுவாகச் சிமிட்ட வேண்டும். உயிருள்ள ஆளா, போட்டோவா என்று அது அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. கண் புரை அறுவை செய்து கட்டுப் போட்டிருந்தால் சில வாரம் பொறுத்துச் செய்யுங்கள்.

7. படிவத்தில் கால் தடுக்கும் இடங்கள்

எதிர்வீட்டு அக்காவின் கதையைச் சொல்கிறேன். கணவர் தனியார் கம்பெனியில் இருந்து இறந்தவர். அக்காவுக்கு இபிஎஸ்ஸில் விதவைப் பென்ஷன். ஒரு மையத்தில் போய் விரல் வைத்தார், அச்சடித்த தாளும் கையில் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பென்ஷன் நின்றது. தாளை வாங்கிப் பார்த்தேன். பட்டுவாடா செய்பவர் என்ற இடத்தில் அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பெயர். "பணம் அந்தப் பேங்க்லதானேப்பா வருது, அதைத்தான் சொன்னேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கேட்டவர் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

இபிஎஸ் என்றால் ஒப்பளிப்பவர் (பென்ஷனை அனுமதித்தவர்), பட்டுவாடா செய்பவர் இரண்டு இடத்திலும் இபிஎஃப்ஓ. 2025 ஜனவரியிலிருந்து இபிஎஸ் பென்ஷன் ஒரே மைய அமைப்பிலிருந்து நாட்டில் எந்த வங்கிக் கணக்குக்கும் போகிறது. ஆகவே உங்கள் கிளைக்கும் இந்தச் சான்றுக்கும் சம்பந்தமில்லை. மாநில அரசு என்றால் தமிழ்நாடு அரசு, அப்புறம் கருவூலம். படைவீரர் ஸ்பர்ஷுக்கு மாறிவிட்டார் என்றால் ஸ்பர்ஷ், பழைய வங்கி அல்ல.

அடுத்தது பென்ஷன் வகை. தானே வேலை செய்து வாங்குவது ஒன்று, கணவரோ மனைவியோ இறந்து வருவது இன்னொன்று. இரண்டையும் வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. தனக்கு ஆசிரியர் பென்ஷன், இறந்த கணவரின் குடும்பப் பென்ஷன் என்று இரண்டு பிபிஓ இருந்தால் இரண்டு சான்று எடுக்க வேண்டும். ஒரு விரல் வைத்தால் இரண்டுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் ஒன்று நிற்கிறது.

மறுமணம் உண்டா, மறுவேலை உண்டா என்று இரண்டு கேள்வி வரும். மையத்தில் இருப்பவர் கேட்கக் கூச்சப்பட்டுத் தானே எதையாவது தொட்டுவிடுவார். குடும்பப் பென்ஷனில் மறுமணம் 'ஆம்' என்று போனால் பென்ஷனே கேள்விக்குறியாகும். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். "கொஞ்சம் படிச்சுக் காட்டு தம்பி" என்று கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடைசியாக, கணக்கு எண். வங்கிகள் இணைந்தபோது சிலருடைய எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் மாறியிருக்கலாம். பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

8. எண் வந்துவிட்டது, அப்புறம்?

முடிந்ததும் பிரமாண் ஐடி என்று ஓர் எண் மொபைலுக்கு வரும். இது விண்ணப்பம் போய்விட்டது என்பதற்கான சீட்டுதான். பென்ஷன் கொடுப்பவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். விவரம் பொருந்தவில்லை என்றால் நிராகரிக்கலாம். எதிர்வீட்டு அக்காவின் கையில் இருந்ததும் பிரமாண் ஐடி உள்ள அசல் சான்றுதான்.

எண்ணைத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். இபிஎஸ் ஆட்கள் இபிஎஃப்ஓ தளத்தின் ஓய்வூதியர் பக்கத்திலும் பார்க்கலாம். நிராகரிப்பு என்று வந்தால் பழையதைத் திருத்த முடியாது. சரியான விவரத்தோடு புதிதாக எடுக்க வேண்டும். ஒரு மாதம் முன்னதாகக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னது இதற்காகத்தான்.

9. போனில் வரும் "ஐயா, வணக்கம்"

நவம்பர் பிறந்தால் இதுவும் பிறக்கும். "பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசறோம், உங்க லைஃப் சர்டிபிகேட் முடியப்போகுது" என்று மரியாதையாகப் பேசுவார்கள். உங்கள் பெயர், ஓய்வு பெற்ற தேதி, சில சமயம் பிபிஓ எண்கூடச் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். போனில் கூப்பிட்டுப் பேசியே யாரும் உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்க முடியாது. விரலோ முகமோ இல்லாமல் அது நடக்காது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் ஓடிபி மட்டும்தான்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

10. பென்ஷன் நின்றுவிட்டால்

சான்று காலாவதியாகித்தான் நின்றது என்றால் பணம் எங்கும் போகாது. புதிய சான்று ஏற்கப்பட்டதும் நின்ற மாதங்களுக்கும் சேர்த்து நிலுவையாக வரும். அக்காவுக்கும் அப்படித்தான் வந்தது. அதற்குள் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

முதலில் வங்கியில் வரவு விவரம் வாங்கி, கடைசியாக எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். அந்த மாதத்தையும் சான்று முடிந்த தேதியையும் ஒப்பிட்டால் காரணம் புரிந்துவிடும். தேதி இன்னும் இருக்கிறது, ஆனாலும் நின்றது என்றால் சான்று தப்பான இடத்துக்குப் போயிருக்கலாம், அல்லது கணக்கில் கோளாறு. இரண்டாவதற்கு மட்டும்தான் வங்கியில் நியாயம் கேட்க முடியும்.

அலுவலகத்துக்கு நேரில் போவதானால் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பக்க மனு: பெயர், பிபிஓ எண், கணக்கு எண், கடைசியாகப் பணம் வந்த மாதம், பிரமாண் ஐடி, அது எடுத்த தேதி. கூடவே சான்றின் அச்சு, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல். மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு படி இறங்குங்கள்.